ஓவசியரின் கதவு

அந்தக் கதவு திறக்காது. நாலாயிரத்து ஐந்நூறு வருடமாக ஒருவரும் அதைத் திறந்ததில்லை, திறப்பதற்காக அதைச் செய்யவும் இல்லை. சுண்ணாம்புக் கல்லில் நிலையும் மேல்நிலையும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓர் இடுக்கும் செதுக்கி, கல்லறையின் சுவரில் பதித்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு அது வெறும் சுவர், செத்தவருக்கு வாசல். பிள்ளைகள் வந்து அதன் முன்னால் அப்பமும் பியரும் வைத்தால், உள்ளே இருப்பவர் அந்த இடுக்கு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கு.

லண்டன் மாநகரத்தின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றில், எகிப்தியக் கூடத்தின் ஒரு மூலையில் அந்தக் கதவு நிற்கிறது. அந்தக் கூடத்துக்கு இராஜேந்திரன் பன்னிரண்டு வருடமாகக் காவல். காவல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மம்மி எங்கே என்பது ஒன்று, கழிப்பறை எங்கே என்பது மற்றது. கதவு எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அது ஓர் அரசனின் கதவு இல்லை. பிரமிட்டுக்குக் கல் ஏற்றிவந்த படகுகளை மேற்பார்த்த ஓர் உத்தியோகத்தனுடையது. பெயர்ப்பலகையில் அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் 'ஓவசியர்' என்ற பதவியும் போட்டிருந்தார்கள். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் படவரைஞராக இருந்த இராஜேந்திரனுக்கு ஓவசியர்மாரை நன்றாகத் தெரியும். ரோட்டுப் போடுகிற இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். ஆகையால் இவரும் அவருக்கு 'ஓவசியர்' ஆகிவிட்டார். காலையில் கூடத்தைத் திறக்கும்போது ஓவசியருக்கு ஒரு தலையாட்டல் உண்டு.

கதவின் மேற்பகுதியில் ஓவசியர் ஒரு மேசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் நீளநீளமான அப்பத் துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. காலடியில் அவருடைய மகன், தகப்பனின் கைத்தடியைப் பிடித்தபடி, முழங்கால் உயரத்துக்கு நிற்கிறான். பிள்ளை வளர்ந்து மீசை வைத்தாலும் தகப்பனின் கல்லறையில் அவனை அப்படிச் சின்னதாகத்தான் செதுக்குவார்களாம். செதுக்கியவன் கைகாரன். பையனின் விரல்கள் தடியைச் சுற்றியிருக்கிற விதத்தில் பிடியின் இறுக்கம் தெரியும். பிள்ளைகள் ஒருநாள் அப்பம் கொண்டுவராமல் விட்டாலும் கல்லில் செதுக்கிய அப்பம் ஓவசியருக்குப் பசி ஆற்றும் என்று நம்பினார்கள். படம் என்றால் அவர்களுக்கு அழகுக்கு அல்ல, சாப்பாட்டுக்கு.

கூடத்தின் நடுவே பிரமிட்டின் மாதிரி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று இருபத்துமூன்று லட்சம் கல் என்று கேட்டு வாயைப் பிளப்பார்கள். இராஜேந்திரனுக்குக் கல்லின் தொகை பெரிதாகப்படவில்லை. அத்தனை ஏக்கர் அடித்தளத்தை ஒரு விரல்நீளம்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் மட்டம் பிடித்திருக்கிறார்களே, அதை நினைத்தால்தான் அவருக்குக் கை கூப்பத் தோன்றும். ஆனால் யாருக்காக? கூஃபு என்ற ஒருவன் செத்த பிறகு படுப்பதற்கு. வெங்காயமும் அப்பமும் தின்று கல் இழுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ. அந்தப் பெரிய அரசனின் உருவம் என்று முழுதாகக் கிடைத்தது சுட்டுவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மைதான். இதைப் படித்த அன்று இராஜேந்திரனுக்கு மனதுக்குள் ஓர் அற்பச் சந்தோசம் வந்தது. உடனேயே அது போய்விட்டது. கூஃபுவுக்கு ஒரு மலை இருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு பிடி மண் எங்கே என்று யாரைப் பிடித்துக் கேட்பது?

பிள்ளையின் பெயர் சுஜீத். 2009ஆம் ஆண்டு வைகாசியில் அவனுக்குப் பத்தொன்பது வயது. சண்டை முடிந்த அன்று, சனத்தோடு சனமாகப் பாலத்தைத் தாண்டி வந்தபோது இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். சுஜீத் கட்டாயத்தில் பிடித்துப் போகப்பட்டு, நாலு மாதம் இருந்துவிட்டு ஓடிவந்தவன். பேசாமல் எங்களோடு வரட்டும், ஆருக்குத் தெரியப்போகுது என்று தாய் கமலாம்பிகை கெஞ்சினாள். இராஜேந்திரன் அரசாங்க உத்தியோகத்தர், இடாப்புப் பதிவேட்டையும் முத்திரையையும் நம்பி வளர்ந்தவர். "பதிஞ்சால் பயமில்லை" என்றார். தானே மகனின் கையைப் பிடித்து மேசையடிக்குக் கூட்டிப்போனார். மேசையில் இருந்தவனுக்குத் தமிழ்ப் பெயர் எழுத வரவில்லை. பேனையை இவரிடம் நீட்டினான். இவர் குனிந்து, படவரைஞரின் அச்செழுத்தில், மகனின் பெயரை அந்தக் கொப்பியில் வடிவாக எழுதிக் கொடுத்தார்.

பதிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. அந்தக் கொப்பியைப் பற்றிப் பிறகு கேட்ட எல்லா இடத்திலும் அப்படி ஒன்று இல்லை என்றார்கள்.

அன்றிலிருந்து கமலாம்பிகை ஒருநாளும் கணவனைக் குற்றம் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுதத் தொடங்கினாள். எந்த நாட்டு அலுவலகம், எந்த ஆணைக்குழு என்றில்லை, எல்லாவற்றுக்கும் மனு. லண்டனுக்கு வந்து இல்ஃபோர்டில் குடியிருக்கத் தொடங்கிய பிறகும் அதே வேலை. மகள் பிரசாந்தினி இங்கிலிஷில் அடித்துக் கொடுக்க, கீழே தாய் கையெழுத்து வைப்பாள். மோர்டனில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல வீடு ஒன்று மலிவாக வந்தபோதும் போகமாட்டேன் என்றுவிட்டாள். "எல்லாக் கடிதத்திலையும் இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்கு. பதில் இஞ்சைதான் வரும்" என்றாள். கதவின் துளையால் கடிதம் விழுந்தால் வீட்டில் முதலில் எழும்புகிறவள் அவள்தான். கவுன்சில் கடிதமோ பீட்சாக் கடை விளம்பரமோ, எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

சுஜீத்தின் படம் சாமியறையில் இல்லை. அங்கே அவளுடைய தாய் தகப்பனும் இவருடைய தாய் தகப்பனும் பொட்டும் மாலையுமாக இருக்கிறார்கள். மகனின் படம் முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பொட்டு வைக்காமல் இருக்கிறது. வைகாசி பதினெட்டில் மட்டும் அதை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு எதிரே போய், அதைப் போன்ற படங்களைப் பிடித்த மற்றத் தாய்மாரோடு நிற்பாள். அலுமாரியில் அவனுக்கு ஒரு குளிர்ச்சட்டை இருக்கிறது. மலிவு விற்பனையில் வாங்கினாள். அவன் வந்து இறங்குகிற அன்று குளிராக இருந்தால் என்ன செய்வது என்பாள்.

ஓவசியர் கல் அப்பத்தை நம்பினார். கமலாம்பிகை ஒரு படத்தை நம்பினாள். இரண்டும் ஒரே விதமான நம்பிக்கைதான் என்று இராஜேந்திரனுக்குத் தெரியும். ஏனென்றால் அவருக்கு உண்மை தெரியும்.

2014ஆம் ஆண்டு ஆவணியில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கலியாண மண்டபத்தில், நிஷாந்தன் என்று ஒருவன் அவரைத் தேடி வந்தான். அதே பஸ்ஸில் போனவன். தப்பி, எங்கெங்கோ அலைந்து, லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தான். பதிந்து நாலாம் நாள் தன் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது என்றான். எப்படி என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. "அண்ணை, உடுப்பைக் கண்டனான், ஆளையும் கண்டனான். நீங்கள் காத்துக்கொண்டு இருக்கக்கூடாது எண்டுதான் சொல்லுறன்" என்று சொல்லி அழுதான். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கமலாம்பிகை பெண் வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இராஜேந்திரன் அவளிடம் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் விட்ட நாட்களையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் தாங்கமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மை. மறுபாதி, அவர் அவளுடைய முகத்துக்குப் பயந்தார்.

ஆனால் பிள்ளைக்குப் பசிக்குமே. செத்தவருக்குத் திதியில் சமைத்து, இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது இராஜேந்திரனின் ஊர் வழக்கம். சாத்திய அறைக்குள் அவர் வந்து சாப்பிட்டுப் போவார். ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் தட்டித் திறந்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மகன் தகப்பனுக்குச் செய்வதுதான் முறை. ஓவசியரின் கல்லிலும் அப்படித்தான் இருக்கிறது. இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. அதுவும் வீட்டில் ஓர் இலை போட்டால் கமலாம்பிகைக்கு விளங்கிவிடும்.

அப்படித்தான் அவருக்கு ஓவசியரின் கதவு நினைவுக்கு வந்தது. நிஷாந்தன் சொன்ன அந்த நாலாம் நாளைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்து, வைகாசித் தேய்பிறைத் துவாதசி என்று கண்டுபிடித்தார். அடுத்த வருடம் அந்தத் திதியில், கூடம் திறப்பதற்கு முன், சாண்ட்விச்சுக்குக் கொண்டுபோன பாணில் ஒரு துண்டை எடுத்து அந்த இடுக்கின் கீழே வைத்தார். பாணைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கறி என்றால் கல்லில் ஊறும், சோறு என்றால் சிந்தும். கல்லில் செதுக்கியிருந்ததும் அப்பம்தானே. "உங்கடை வாசலாலை ஒருக்கால் என்ரை பிள்ளையையும் விடுங்கோ" என்று ஓவசியரிடம் கேட்டார். பிறகு வெளியே வந்து கூடத்தின் பெரிய கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அழத் தொடங்கிவிட்டார். உள்ளே போய்ப் பாணை எடுத்து, மத்தியானம் முற்றத்தில் புறாக்களுக்குப் போட்டார். அந்த முற்றத்தில் காகத்தை எங்கே தேடுவது.

வருடம் ஒரு துண்டு. இந்த வருடம் பதினோராவது.

இந்த வருடம்தான் எல்லாம் பிழையாய்ப் போனது. பாணை வைத்துவிட்டு வெளியே நின்றபோது, மற்றக் கூடத்தில் ஆள் குறைவு என்று வோக்கிடோக்கியில் கூப்பிட்டார்கள். போனவர் அரைமணி நேரம் கழித்துத் திரும்பினார். அதற்குள் பழம்பொருட்களைப் பராமரிக்கிற பெண் ஒருத்தி துண்டைக் கண்டுவிட்டாள். பாண் துகளுக்கு வண்டு வரும், வண்டு வந்தால் மம்மியின் துணியை அரிக்கும். கூடத்துக்குள் ஒரு சூயிங்கம்கூடக் கொண்டுபோகக் கூடாது. அப்பம் வைப்பதற்கென்றே செய்த வாசலில் அப்பம் வைப்பது இன்று குற்றம். சட்டம் அவர்கள் பக்கம்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேலாளர் ஜூடித் நல்ல மனுசி. கமெராவில் பதிந்ததை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, மறந்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லியிருந்தால் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும். ஆனால் அந்த மனுசனுக்கு எழுதிப் பதிகிற இடத்தில் பொய் சொல்ல வராது. அந்தக் குணம்தான் அவருடைய குடியைக் கெடுத்தது. "அது என் மகனுக்கு. அவன் இறந்துவிட்டான்" என்றார். பதினொரு வருடம் தமிழில் வாயைவிட்டு வராத வசனம் இங்கிலிஷில் சறுக்கிக்கொண்டு வந்தது. ஜூடித்தின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அதையும் குறித்துக்கொண்டாள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

லீவு எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னார். மூன்று வாரம் காலையில் கமலாம்பிகைக்கு முன்னால் வாசலடிக்குப் போய்க் கடிதம் பார்த்தார். நாலாவது வாரம், ஒரு சனிக்கிழமை, அவர் மேலே சவரம் செய்துகொண்டிருந்தபோது கடிதம் விழுந்தது.

கமலாம்பிகை எடுத்தாள். தடித்த உறை, முத்திரை போட்டது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மகளிடம் கொடுத்தாள். "கொப்பாவின்ரை வேலை இடமாக்கும். என்னெண்டு பார் பிள்ளை."

அந்த வீட்டில் கடிதம் வாசிக்கிற முறை ஒன்று உண்டு. பிரசாந்தினி பதினாறு வருடமாக மனுக்களுக்கு வந்த பதில்களைத் தாய்க்கு இங்கிலிஷில் ஒரு வரி வாசித்து, உடனே தமிழில் ஒரு வரி சொல்லிப் பழகியவள். முழுவதும் வாசித்துவிட்டுச் சொன்னால் எதையோ மறைக்கிறாள் என்று தாய்க்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் கண்ணுக்கு முன்னால் வாய் ஓடும். அன்றும் ஓடியது.

"அப்பா சாமான் ஒண்டுக்கு முன்னாலை பாண் வைச்சவராம்... கமெராவிலை இருக்காம்... விசாரிக்கேக்கை சொன்னவராம், அந்தப் பாண் செத்துப்போன தன்ரை மகனுக்கு..."

அதற்குப் பிறகு அவள் வாசிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. இராஜேந்திரன் பாதி சவரம் செய்த முகத்தோடு படியிறங்கி வந்து குசினி வாசலில் நின்றார். கமலாம்பிகை பதினாறு வருடமாகக் காத்திருந்த கடிதம் அதுதான். சரியான அட்ரசுக்குத்தான் வந்திருந்தது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"பார்க்கிங் கலியாணத்திலை. நிஷாந்தன் எண்டு ஒரு பெடியன் சொன்னவன். கண்ணாலை கண்டவன்."

அவள் கத்துவாள், விழுவாள் என்று மகள் கிட்டப் போய் நின்றாள். கமலாம்பிகை விழவில்லை. கை கழுவினாள். உலையை வைத்தாள். கத்தரிக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்? திதி பார்த்துச் செய்யலாம். கோயிலிலை ஐயரை ஒருக்கால் கேப்பம்."

"ஐயருக்கு என்ன தெரியும். எனக்கு இண்டைக்குத்தான் திதி."

கடைக்குப் போய் வாழையிலை வாங்கிவரும்படி மகளை அனுப்பினாள். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்ப் பிரட்டல், உருளைக்கிழங்குப் பொரியல், சொதி, பாயாசம் என்று அவன் விரும்பின எல்லாவற்றையும் ஒரு தேங்காய்ச் சொட்டுக் குறையாமல் செய்தாள். முன்னறையில் இலையைப் போட்டுப் படைத்தாள். அலுமாரியிலிருந்து குளிர்ச்சட்டையை எடுத்துவந்து, விலைச்சீட்டைக் கத்தரியால் வெட்டிவிட்டு இலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த படத்தைத் துடைத்து இலைக்கு நேரே நிறுத்தினாள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கணவனிடம் நீட்டினாள்.

"நீங்கள் வையுங்கோ. அண்டைக்குப் பேர் எழுதினதும் நீங்கள்தானே."

பதினாறு வருடம் அவள் விழுங்கி வைத்திருந்த வார்த்தை அது. இராஜேந்திரன் அதற்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறார், அது வந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருக்கிறார். ஒன்றும் இறங்கவில்லை. விரலால் சந்தனத்தைத் தொட்டு மகனின் நெற்றியில் பொட்டு வைத்தார். கோடு கீறிப் பழகிய கை, அன்றும் சரியாக நடுவில் வைத்தது.

முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ஒடுக்கமான நடையில், சப்பாத்துகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் நடுவே நின்றார்கள். உள்ளே சாம்பிராணி மணத்தது. ஐந்து நிமிடம் போனது. இராஜேந்திரன் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"விடுங்கோ" என்றாள் கமலாம்பிகை. "ஆறுதலாச் சாப்பிடட்டும். பதினாறு வரியம் பட்டினி கிடந்த பிள்ளை."

அவர் கையை இறக்கினார். பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது. தெருவில் யாரோ காரை நிறுத்த இடம் தேடி முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான், அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு நினைச்சபடியாலை படைக்கேல்லை" என்று அவள் கதவைப் பார்த்தபடி சொன்னாள். "உங்களுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுகொண்டும் என்ரை பிள்ளையைப் பதினொரு வரியம் பட்டினி போட்டியளே."

"இல்லை" என்றார் இராஜேந்திரன். இந்த ஒன்றுக்காவது அவரிடம் பதில் இருந்தது. "பட்டினி போடேல்லை, கமலம். வருசா வருசம் வைச்சனான். ஒரு வருசமும் விடேல்லை."

"என்ன வைச்சனீங்கள்?"

"பாண்."

கமலாம்பிகை அப்போதுதான் முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அவன் பாண் தின்னமாட்டான்" என்றாள். "சின்னனிலை இருந்தே தொடமாட்டான். உங்களுக்குக் காலமை பாண் கட்டித் தந்துபோட்டு, அவனுக்கு எண்டு தனியா ரொட்டி சுடுறனான்."

இராஜேந்திரன் நினைவுபடுத்திப் பார்த்தார். மகன் காலையில் சாப்பிடுகிற ஒரு காட்சிகூட அவருக்குள் இல்லை. அவர் ஏழு மணிக்கே கந்தோருக்குப் போய்விடுவார். பதினொரு துண்டும் அந்தக் கல் வாசலில் வைத்தபடியே இருந்திருக்கின்றன. பிள்ளை ஒவ்வொரு வருடமும் வந்து பார்த்துவிட்டு, தொடாமல் திரும்பிப் போயிருப்பான்.